ஆர்எக்ஸ் 100 டிராக் பைக்குக்கு டேங்க்: ஸ்டாக்கையே வெட்டறதா, ஃபைபரா, அலுமினியமா?

குன்னூர் டூஸ்ட்ரோக்

எல்லாருக்கும் வணக்கம். வீட்ல 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 ஒண்ணு இருக்கு, அதை முழுசா டிராக்குக்குன்னே மாத்திட்டு இருக்கேன். இஞ்சின் வேலை கிட்டத்தட்ட முடிஞ்சுது, போர்ட்டிங் (சிலிண்டர் துளைகளைச் செதுக்கறது) பண்ணியாச்சு, எக்ஸ்பான்ஷன் சேம்பர்ங்கற ரேஸ் சைலன்சர் போட்டாச்சு, ஆயில் பம்பைக் கழட்டிட்டு பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஊத்தற மாதிரி மாத்தியாச்சு. இப்ப மாட்டிக்கிட்டு நிக்கறது டேங்க்ல தான்.

ஸ்டாக் டேங்க், அதாவது கம்பெனில வந்தது, ஷெட்ல கிடந்து ஐப்பசி மழை ஈரத்துல உள்ள துரு பிடிச்சிருச்சு, வெளிய பார்க்க நல்லா தான் இருக்கு ஆனா குலுக்கினா செங்கல் பொடி மாதிரி கொட்டுது. அதுவும் இல்லாம நான் கொஞ்சம் உயரம், குனிஞ்சு படுத்தா நெஞ்சு டேங்க்ல இடிக்குது, முட்டி வெளிய நீட்டிட்டு நிக்குது. ஆன்லைன்ல கஃபே ரேசர் ஃபைபர் டேங்க் கிடைக்குது, விலையும் பரவால்ல. கோயமுத்தூர்ல ஒரு பட்டறைல அலுமினியத்துல கையால தட்டித் தர்றதுக்கு ரேட் கேட்டேன், கேட்டுட்டு போனை வெச்சுட்டேன். ஸ்டாக் டேங்க்கையே அடியில வெட்டி உயரம் குறைச்சு ஒட்டிக்கலாம்னு இங்க பெட்ஃபோர்டு பக்கம் ஒரு டிங்கர் அண்ணன் சொல்றாரு.

வெயிட் எதுல அதிகம் குறையும்? ஓட்டப்போறது கோயமுத்தூர் பக்கம் இருக்கற காரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்ல தான், டிராக் டே, முடிஞ்சா அப்புறம் ரேஸ். நடுவுல விடிகாலைல பர்லியார் மலை ரோட்ல ரெண்டு ரவுண்டு விட்டு டெஸ்ட் பண்ணிக்கலாம்னு இருக்கேன். அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

---

செட்டிபாளையம் சின்னு

தம்பி வாங்க. டேங்க் எதுங்கறதை அப்புறம் பார்த்துக்கலாங்க, மொதல்ல எந்த கிளாஸ்ல எறங்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. சில கிளாஸ்ல கம்பெனி டேங்க்கைத் தொடவே கூடாதுங்க, டேங்க் வெளித்தோற்றம் அப்படியே இருக்கணும்னு ரூல் புக்ல போட்டிருப்பாங்க, நீங்க ஆசையா அலுமினியம் தட்டிட்டு வந்து ரேஸுக்கு முன்னாடி வண்டியைச் சோதிக்கற ஸ்க்ரூட்டினில நின்னா திருப்பி அனுப்பிருவாங்க. அந்த வருஷத்து ரூல் புக்கை வாங்கி படிச்சுட்டு தான் தகரத்துல கை வெக்கணும். டிராக் டேக்கு மட்டும்னா அவ்வளவு கெடுபிடி இல்லீங்க, ஒழுகாம இருந்தா போதும்.

ரெண்டாவது, எவ்வளவு பெட்ரோல் வேணும்? காரி ஒரு சுத்து 2.1 கிலோமீட்டர். எட்டு லேப் ரேஸ்னு வெச்சாலும் வார்ம்அப் லேப், கூலிங் லேப் எல்லாம் சேத்து 21 கிலோமீட்டர் தான் வருது. போர்ட்டிங் பண்ணின ஆர்எக்ஸ் முழு திராட்டில்ல லிட்டருக்கு 8 குடுத்தாலும் ரெண்டே முக்கால் லிட்டருக்குள்ள முடிஞ்சுது. 4 லிட்டர் டேங்க் தாராளம்.

அப்ப ஸ்டாக் டேங்க்ல 3 லிட்டர் ஊத்திட்டு ஓட்டலாமேன்னு கேப்பீங்க. அங்க தான் சிக்கலுங்க. ஆர்எக்ஸ் டேங்க் ஃப்ரேம் குழாய் மேல குதிரைச் சேணம் மாதிரி கவுந்து உக்காந்திருக்கு. நடுவுல மேடு, ரெண்டு பக்கமும் பள்ளம். பெட்ரோலைத் திறந்து மூடற காக் ஒரு பக்கம் தான் இருக்கு. கொஞ்சமா ஊத்தினா அந்தப் பக்கத்துப் பள்ளத்துல நிக்கற பெட்ரோல் காக்குக்கு வரவே வராது. ரோட்ல நிறுத்தி வண்டியைச் சாய்ச்சு இந்தப் பக்கம் கொண்டு வருவோம், ரேஸ் நடுவுல யாரு சாய்க்கறது? அதனால ஸ்டாக்கையே வெச்சாலும் ரெண்டு பள்ளத்துக்கும் அடியில நிப்பிள் வெச்சு குறுக்க ஒரு ஓஸ் போட்டு இணைச்சிருங்க. இது ஒண்ணு பண்ணாம எந்த அழகு வேலையும் பண்ணாதீங்க.

அப்புறம் பர்லியார் ரோட்ல டெஸ்ட்டுங்கறதை மறந்துருங்க. ஹெட்லைட் இல்லாத, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ஒத்துவராத வண்டி, எதிர்ல பஸ் ஹேர்பின்ல முழு ரோட்டையும் அடைச்சுட்டு திரும்பும். பிக்கப்ல ஏத்திட்டு கீழ வாங்க, டிராக்ல ஓட்டுங்க.

---

கேத்தி ஹட்டி பையன்

ப்ரோ ஃபைபர் வாங்கிடுங்க. நான் என் ஆர்எக்ஸ்ஸுக்கு ஆன்லைன்ல தான் வாங்கினேன், சும்மா பஞ்சு மாதிரி வெயிட்டே இல்ல, ஷேப்பும் பழைய யமஹா டிஇசட் (TZ) ரேஸ் பைக் மாதிரி நீளமா தாழ்வா செம்மையா இருக்கு, முட்டி வெக்க பள்ளம் இருக்கு, பின்னாடி சீட் வரைக்கும் இறங்கி வருது. துரு பிடிக்கற பேச்சே இல்ல, நம்ம ஊரு ஈரத்துக்கு அதான் பெஸ்ட். காசுக்கு காசும் மிச்சம்.

---

ஆர்கான் அக்கா

மேல இருக்கற தம்பிக்கு ஒரு கேள்வி, அந்த டேங்க்ல பெட்ரோல் ஊத்தி எத்தனை மாசம் வெச்சிருந்தீங்க? இப்ப பங்க்ல வர்றது எல்லாம் இ20, அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். மலிவு ஃபைபர் டேங்க் எல்லாம் சாதா பாலியஸ்டர் ரெசின்ல செஞ்சது, எத்தனால் அதை மெதுமெதுவா இளக வைக்கும். வெளிய பெயின்ட் கொப்புளம் கொப்புளமா வரும், உள்ள ரெசின் கரைஞ்சு பசை மாதிரி கார்ப்ல (கார்புரேட்டர்ல) போய் ஒட்டும், நீடில் ஒட்டிக்கும், பெட்ரோலை அளந்து விடற துளையான ஜெட் அடைக்கும். இதுக்கு வினைல் எஸ்டர் இல்லன்னா எத்தனாலுக்கு ஏத்த எபாக்ஸி ரெசின் இருக்கு, அதுல செஞ்சா தாங்கும், ஆனா ஆன்லைன்ல விக்கறவர் கிட்ட எந்த ரெசின்னு கேட்டுப் பாருங்க, பதில் வராது. விழுந்தா ஃபைபர் வளையாது, நேரா பிளந்துக்கும், சூடான சைலன்சர் மேல பெட்ரோல் கொட்டும். தகரமோ அலுமினியமோ நசுங்கும், பெரும்பாலும் பிளக்காது.

கேள்வி கேட்ட தம்பிக்கு வெயிட் கணக்கு. அலுமினியம்னா பாதி வெயிட் ஆயிடும்னு எல்லாரும் நம்பறாங்க, அப்படி இல்லப்பா. ஸ்டீல் அலுமினியத்தை விட கிட்டத்தட்ட மூணு மடங்கு கனம், உண்மை தான். ஆனா ஸ்டீல் தகரம் 0.8 மில்லி போதும், அலுமினியத்துல 2 மில்லி போட்டா தான் அதிர்வுக்குத் தாங்கும், நல்ல கை இருந்தா 1.6. டேங்க் மொத்தத் தகட்டுப் பரப்பு சுமார் 0.6 சதுர மீட்டர்னு வெச்சுக்கோ. 0.8 ஸ்டீல்ல 3.8 கிலோ வரும், 2 மில்லி அலுமினியத்துல 3.2 கிலோ, 1.6ல 2.6 கிலோ. அவ்வளவு காசு செலவு பண்ணி அரைக் கிலோல இருந்து ஒண்ணேகால் கிலோ மிச்சம். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ கிட்ட. தேவையில்லாம சுமக்கற ரெண்டு லிட்டரை ஊத்தாம விட்டாலே அதுக்கு மேல குறைஞ்சிரும், பைசா செலவில்லாம.

அலுமினியம் தேடிப் போறதுக்கு நல்ல காரணம் வேற இருக்கு. வேணுங்கற வடிவம் கிடைக்கும், துரு கிடையாது. பண்றதா இருந்தா 5052ங்கற அலுமினிய ரகத்துல ஷீட் கேளு, வெல்டிங்ல உருக்கிச் சேர்க்கற ஃபில்லர் ராடு 5356. தட்டறதுக்கு இன்னும் இளக்கமா வேணும்னா 3003, அதுக்கு 4043 ராடு போதும். 6061 வேண்டாம், வளைச்சா விரிசல் விடும். ஏசி ஆர்கான் வெல்டிங் மட்டும் தான், எம்-சீல் பூசி மூடறவர் கிட்ட குடுத்துடாத. உள்ள குறுக்குத் தடுப்பு ரெண்டு, ஓட்டை போட்டது, கண்டிப்பா வேணும், பிரேக் பிடிக்கும்போது பெட்ரோல் மொத்தமா முன்னாடி பாயாது, தகடும் இறுகி நிக்கும். வெல்டிங் விரிசல் முக்காவாசி வர்றது மவுண்டிங்ல தான், டூஸ்ட்ரோக் சிங்கிளோட அதிர்வு அப்படி. டேங்க்கை நேரா ஃப்ரேம்ல போல்ட் போட்டு இறுக்காம ரப்பர்ல மிதக்க விடணும், முன்னாடி ரெண்டு ரப்பர், பின்னாடி ஒரு ரப்பர் பட்டை.

ஸ்டாக்கை வெட்டறதுக்கு ஒரு எச்சரிக்கை. காலி டேங்க் தான் ஆபத்து. பெட்ரோல் ஆவி காத்துல 1.4 சதவீதம் இருந்தாலே தீப்பொறிக்கு வெடிக்கும், துரு அடுக்குக்குள்ள ஒளிஞ்சிருக்கற பெட்ரோல் சூடு பட்டதும் ஆவியா வெளிய வரும். மோந்து பார்த்தேன் வாசனை இல்லன்னு எவனாச்சும் சொன்னா அந்த இடத்தை விட்டு நகந்துடு. சோப்புத் தண்ணி சூடா ஊத்தி பல தடவை அலசி, வெல்டிங் பண்ற இடம் வரைக்கும் தண்ணி நிரப்பி, மிச்ச இடத்துல ஆர்கான் விட்டுக்கிட்டே தான் டார்ச் வெக்கணும். உங்க டிங்கர் அண்ணனுக்கு இது தெரியுமான்னு முதல்ல கேளு.

---

கேத்தி ஹட்டி பையன்

அக்கா நான் பெட்ரோல் ஊத்தினதே இப்ப ஒரு வாரம் தான் ஆச்சு 😐 டேங்க் வாங்கி ஷோவுக்கு தான் வெச்சிருந்தேன். அப்ப என்ன பண்றது, தூக்கிப் போடறதா?

---

செட்டிபாளையம் சின்னு

தூக்கிப் போடாதீங்க கண்ணு. அடிப்பக்கத்தை வெட்டி எடுத்துட்டு அதை வெறும் மூடியா வெச்சுக்கங்க. உள்ள 4 லிட்டருக்கு சதுரமா ஒரு அலுமினிய டப்பா, நேர் வெட்டு நேர் வளைவு, தட்டற வேலையே இல்ல, ஆர்கான் வெல்டிங் தெரிஞ்ச எந்தப் பட்டறையும் அரை நாள்ல முடிச்சுருவாங்க. மேல ஃபைபர் மூடியை ரெண்டு திருகுல மாட்டுங்க. கேள்வி கேட்ட தம்பிக்கும் நான் சொல்றது இது தானுங்க. வடிவம் உங்க உடம்புக்கு, டப்பா பெட்ரோலுக்கு. விழுந்து மூடி உடைஞ்சா மூடி மட்டும் புதுசு.

மோட்டோஜிபில பாத்தீங்கன்னா 22 லிட்டர் டேங்க், ஆனா கையும் நெஞ்சும் படற இடத்துல முன்னாடி பாதி இஞ்சினுக்குக் காத்து போற ஏர்பாக்ஸ், பெட்ரோல் பெரும்பாலும் சீட்டுக்கு அடியில தான் நிக்குது. அவங்களுக்கு பம்ப் இருக்கு. நமக்கு பம்ப் கிடையாது, கார்புக்கு மேல இருந்து தானா இறங்கணும், அதனால டப்பாவோட அடிமட்டம் கார்ப்ல பெட்ரோல் நிக்கற ஃப்ளோட் மட்டத்துக்கு மேல நிக்கற மாதிரி பார்த்துக்கங்க, கடைசி அரை லிட்டர் கூட இறங்கணும்.

---

பழைய ஷோலாவரம்

சின்னு சொல்றது சரி. சென்னை பக்கம் ஷோலாவரம் விமானத் தளத்துல ரேஸ் நடந்த காலத்துல ஆர்டி 350 ஓட்டினவங்கள்ல நேர்கோட்டுல ஜெயிச்சவன் டேங்க் மேல தாடையை ஒட்டிப் படுக்கத் தெரிஞ்சவன் தான். வடிவம் முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. டேங்க்கைக் கழட்டிட்டு அந்த இடத்துல தெர்மகோல் அடுக்கி டேப் சுத்தி, ஹெல்மெட் கையுறை எல்லாம் போட்டுட்டு வண்டியில படுங்க, நண்பர் ஒருத்தரைப் பின்னாடி ஸ்டாண்ட் பிடிக்கச் சொல்லுங்க. இடிக்கற இடத்தை கத்தியால செதுக்கிக்கிட்டே வாங்க. ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க, கட்டை விரல் டேங்க்ல நசுங்கக் கூடாது. முட்டி உள்ள அடங்கற பள்ளம் ரொம்ப ஆழமா போயிட்டா பிரேக் பிடிக்கும்போது தொடையால டேங்க்கைப் பிடிச்சு நிக்க முடியாது, உடம்பு பாரம் முழுக்க மணிக்கட்டுக்குப் போயிரும். மேல மூடி இருக்கற இடம் நெஞ்சுல குத்தாம கொஞ்சம் முன்னாடி தள்ளி வைங்க. இதெல்லாம் தகரத்துல தெரியவராது, தெர்மகோல்ல தெரியும்.

---

குன்னூர் டூஸ்ட்ரோக்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரோடு டெஸ்ட் விட்டாச்சு, வீட்லயும் அதே திட்டு தான் விழுந்துது. உள்ள டப்பா மேல மூடி ஐடியா பிடிச்சிருக்கு. ஸ்டாக் டேங்க்கை வெட்ட மனசு வரல, துருவை மட்டும் எடுத்து ஒரு ஓரமா வெச்சுக்கறேன், அதுக்கு என்ன ஊத்தறது? அப்புறம் டப்பா மூடிக்கு காத்து போக பிரீதர் எப்படி வெக்கறது, சும்மா ஒரு ஓட்டை போதுமா?

---

ஆர்கான் அக்கா

துருவுக்கு எலுமிச்சை உப்பு, கடைல சிட்ரிக் ஆசிட்னு கேட்டா பொடியா குடுப்பாங்க, சுடுதண்ணில கரைச்சு நிரப்பி ராத்திரி முழுக்க விடு. காலைல கொட்டிட்டு சோடா உப்பு கரைச்ச தண்ணில அலசி, உடனே காய வெச்சு, கொஞ்சம் டூஸ்ட்ரோக் ஆயில் ஊத்தி உள்ள பூரா சுத்திவிடு. குன்னூர்ல காய வெக்கறதுன்னா வெயிலை நம்பாத, ஹேர் டிரையரை மூடி வழியா விட்டுடு. அரை மணி ஈரமா இருந்தாலே புதுத் துரு ஏறிடும். உள்ள பூசற லைனர் எல்லாம் இ20க்கு தாங்கும்னு டப்பால எழுதியிருந்தா மட்டும் பூசு, பழைய வகை உரிஞ்சு தோல் தோலா வரும்.

பிரீதரைப் பத்தி எனக்கு மேல தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

---

குண்டாடா கிளைம்பர்

பிரீதர்ல தான் மலைக்காரங்களுக்குன்னே ஒரு பொறி இருக்கு, யாரும் சொல்லலையேன்னு பார்த்தேன். நான் கோத்தகிரி பக்கம், மாசாமாசம் கீழ டிராக்குக்கு வண்டி ஏத்திட்டுப் போறவன்.

சர்வதேச ரேஸ் ரூல்ல டேங்க் பிரீதர் பைப்ல ஒரு பக்கம் மட்டும் விடற நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கணும், பைப் முடியற இடத்துல ஒழுகறதைப் பிடிக்க குறைஞ்சது 250 சிசி கேட்ச் டப்பா இருக்கணும், டேங்க்குக்குள்ள தீத்தடுப்பு ஃபோம் இல்லன்னா பிளாடர் (ரப்பர் பை) இருக்கணும். நம்ம கிளாஸ்ல கேக்காட்டியும் வால்வும் கேட்ச் டப்பாவும் போட்டுருங்க. ஃபோம் போடறதா இருந்தா எத்தனாலுக்கு தாங்கற வகை வாங்குங்க, மெத்தைக் கடை ஸ்பாஞ்சைத் திணிச்சா அது துகளாகி காக்குல வந்து நிக்கும்.

இப்ப பொறி என்னன்னா அந்த வால்வு காத்தை உள்ள விடும், வெளிய விடாது. வண்டி கவுந்தா பெட்ரோல் கொட்டக் கூடாதுன்னு தானே அது இருக்கு. காரில ஓட்டி முடிச்சுட்டு டேங்க்ல பெட்ரோலோட மூடியை இறுக்கி பிக்கப்ல ஏத்திட்டு மேட்டுப்பாளையம் வழியா மேல வர்றீங்க. கோயமுத்தூர் கடல் மட்டத்துல இருந்து 411 மீட்டர், குன்னூர் 1850. வெளிக்காத்து அழுத்தம் அங்க சுமார் 96 கிலோபாஸ்கல், இங்க 81. அந்த 15 கிலோபாஸ்கல் வித்தியாசம் டேங்க்குக்குள்ளயே மாட்டிக்கும். டயர் கணக்குல 2 பிஎஸ்ஐக்கு கொஞ்சம் மேல, கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா 20க்கு 40 சென்டிமீட்டர் தட்டையான அடித்தகடுன்னா 800 சதுர சென்டிமீட்டர், அதுல 120 கிலோ வரைக்கும் தள்ளும். சதுர டப்பா வயிறு உப்பும், மூலை வெல்டிங் விரிசல் விடும். காக்கை மூட மறந்திருந்தா அதே அழுத்தம் ஃப்ளோட் நீடிலைத் தள்ளிட்டு பெட்ரோலை கார்ப் வழியா கிராங்க் கேஸ்ல கொண்டு போய் ரொப்பும், வீட்டுக்கு வந்து கிக்கரை மிதிச்சா கால் தான் வலிக்கும்.

அதனால மேல ஏறும்போது பெட்ரோலை கேன்ல வடிச்சுட்டு, காக்கை மூடி, டேங்க் மூடியைத் தளர்த்தி மேல ஒரு துணி கட்டி விடுங்க. கேன் கூட நடுவுல பர்லியார்ல டீக்கு நிறுத்தும்போது ஒரு தடவை திறந்து மூடுங்க, புஸ்ஸுன்னு வரும். அங்க யாரும் பீடி பிடிக்காம பார்த்துக்கங்க. கீழ இறங்கும்போது வால்வு காத்தை உள்ள விடறதால பிரச்சனை இல்ல, வால்வு ஒட்டிக்கிட்டு இருந்தா மட்டும் டேங்க் உள்வாங்கும்.

டப்பா செஞ்சு வாங்கும்போது ஒழுகுதான்னு பார்க்கறதுக்கும் இதே 2 பிஎஸ்ஐ போதும், சைக்கிள் பம்பால அடிச்சு சோப்பு நுரை தடவிப் பாருங்க. கம்ப்ரஸர் ஓஸை நேரா சொருகினா ஒரே நொடில பலூன்.

---

செட்டிபாளையம் சின்னு

இது நல்லா சொன்னீங்க. கூடவே ஃப்ளோ டெஸ்ட் ஒண்ணு பண்ணிருங்க தம்பி. போர்ட்டிங் பண்ணின இஞ்சின் 18 குதிரை குடுக்குதுன்னா முழு திராட்டில்ல மணிக்கு 8 லிட்டர் கிட்ட குடிக்கும், நிமிஷத்துக்கு சுமாரா 135 மில்லி. கார்ப் பக்கம் ஓஸைக் கழட்டி அளவு ஜாடில விட்டு ஒரு நிமிஷம் பாருங்க, 300 மில்லியாச்சும் வரணும். மூடியை இறுக்கமா மூடிட்டு, டேங்க்ல அரை லிட்டர் மட்டும் இருக்கும்போது பண்ணுங்க. மூடி திறந்து வெச்சுட்டு பார்த்தா எல்லா டேங்க்கும் பாஸ் தான். நேர்கோட்டு கடைசில வண்டி திணறினா எல்லாரும் ஜெட்டைத் தான் குறை சொல்வாங்க, பாதி நேரம் பிரீதர் வால்வு தான் காத்து விடாம இருக்கும்.

---

குன்னூர் டூஸ்ட்ரோக்

குண்டாடா அண்ணா, அந்த அழுத்த விஷயம் சத்தியமா யோசிக்கவே இல்ல. கடைசியா ஒண்ணு. இங்க வீட்டு முன்னாடி 110 மெயின் ஜெட்ல ஸ்பார்க் பிளக் கலர் நல்லா வருது, கலவை சரின்னு அர்த்தம். அதே ஜெட்ல கீழ ஓட்டலாமா?

---

குண்டாடா கிளைம்பர்

ஓட்டாதீங்க, பிஸ்டன் சூடேறி இறுகி சீஸ் ஆயிரும். கீழ காத்து அடர்த்தி, அதே ஜெட்ல கலவை மெலிஞ்சிரும், பெட்ரோல்ல கலந்து வர்ற ஆயிலும் அந்த அளவுக்குக் குறையும். இங்க குளிரு, அங்க வெயிலு, ரெண்டையும் கணக்குல எடுத்தா ஜெட்ல ஆறேழு சதவீதம் பெருசு வேணும், 110 இங்க சரின்னா அங்க 117.5 பக்கம் நிக்கும். முதல் ரவுண்டுக்கு 120 போட்டு, பிளக் பார்த்துப் பார்த்து கீழ இறங்குங்க.

பழைய பெட்ரோலைக் கொண்டு போகாதீங்க. இ20 நம்ம மூடுபனில ஈரத்தை இழுத்துக்கும், குளிர்ல அது தாங்கற தண்ணி அளவும் குறையும், ஒரு கட்டத்துல எத்தனாலும் தண்ணியும் சேந்து அடியில தனியா இறங்கிடும். அடுக்கு பிரிஞ்சா டூஸ்ட்ரோக் ஆயில் மேல பெட்ரோலோட நிக்கும், காக் இழுக்கறது அடியில இருக்கற ஆயில் இல்லாத தண்ணியை. டிராக்குக்குப் போற வழில கீழ பங்க்ல புதுசா பிடிச்சு அங்கயே ஆயில் கலந்துக்கங்க, 120 ஜெட் ஒண்ணு 117.5 ஒண்ணு ரெண்டையும் டூல் டப்பால போட்டு எடுத்துட்டு வாங்க, டிராக் பக்கத்துல ஞாயித்துக்கிழமை கடை திறந்திருக்காது.